விஎஸ் கோடில் கமெண்டைக் கண்ணுக்குத் தெரிய வைத்தேன்

கோடு எழுதும் எடிட்டரான விஎஸ் கோடின் டார்க் தீம்கள் (இருண்ட பின்னணி கொண்ட நிறத் தொகுப்புகள்) பலவற்றில் ஒரு பழக்கம் உண்டு. நிரலின் கோடு வரிகள் பளிச்சென்று இருக்கும், நடுவே நமக்காக எழுதிவைக்கும் குறிப்பான கமெண்ட் மட்டும் இருக்கிற இடமே தெரியாமல் மங்கிக் கிடக்கும். பழைய ப்ராஜெக்டைத் திறந்தால் நான் முதலில் தேடுவதே கமெண்டைத்தான். ஏன் இப்படி எழுதினோம் என்பது அங்கேதானே இருக்கிறது! தீம் முழுவதையும் மாற்ற மனமில்லை, கமெண்டின் நிறத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று பார்த்தேன்.

முடியும். ஆனால் செட்டிங்ஸ் திரையில் இதற்கு நிறம் தேர்ந்தெடுக்கும் கட்டம் எதுவும் கிடையாது. 'டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ்' என்று தேடினால், செட்டிங்ஸ் ஜேசான் என்ற அமைப்புக் கோப்பில் போய் எழுதிக்கொள் என்று ஒரு இணைப்பு மட்டும் வருகிறது. அங்கே 'கமெண்ட்ஸ்' என்று எழுதி எதிரே நிறத்தின் எண்ணைக் கொடுத்தேன். சேமித்த உடனே மாறிவிட்டது, எடிட்டரை மூடித் திறக்கக்கூட வேண்டியதில்லை.

பைதானில் மட்டும் பாதி வேலைதான் நடந்தது. ஃபங்ஷனுக்குக் கீழே மூன்று மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் விளக்கமான டாக்ஸ்ட்ரிங் பழைய நிறத்திலேயே நின்றது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்துப்போன கருவி கிடைத்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி 'இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ்' கட்டளையைக் கொடுத்துவிட்டு, எந்தச் சொல்லில் கர்சரை வைத்தாலும் அதன் ஜாதகமே ஒரு சிறு பெட்டியில் விரிகிறது. எந்த மொழி, என்ன நிறம், அந்த நிறம் தீமின் எந்த விதியிலிருந்து வந்தது, எல்லாம் இருக்கிறது. டாக்ஸ்ட்ரிங்கின் ஸ்கோப் பெயர் (எடிட்டர் அதற்கு வைத்திருக்கும் வகைப் பெயர்) 'ஸ்ட்ரிங்', அதாவது எழுத்துச் சரம், என்று தொடங்குகிறது. அதாவது எடிட்டரின் கணக்கில் அது கமெண்டே இல்லை. அந்தப் பெயரை அப்படியே எடுத்து, ஸ்கோப் பெயர்வாரியாக நிறம் கொடுக்கும் 'டெக்ஸ்ட்மேட் ரூல்ஸ்' என்ற பகுதியில் தனி விதியாகப் போட்டேன். சரியாகிவிட்டது. இந்த ஒரு கட்டளை தெரிந்தால் போதும், நிறம் சம்பந்தமாக வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

என் கமெண்ட்கள் பாதி தமிழில் இருக்கும். அதனால் ஃபாண்ட் ஃபேமிலியில் முதலில் வழக்கமான மோனோஸ்பேஸ் (எல்லா எழுத்தும் ஒரே அகலம்) எழுத்துருவையும், காற்புள்ளி போட்டு அடுத்ததாக நோட்டோ சான்ஸ் தமிழையும் கொடுத்தேன். முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்து இரண்டாவதிலிருந்து வரும். வரிகள் நெருக்கியடிக்காமல் இருக்க லைன் ஹைட்டையும் கூட்டினேன். அதில் 8-க்குக் குறைவான எண் கொடுத்தால் எழுத்தின் அளவை அதால் பெருக்கிக்கொள்ளும், 8-ம் அதற்கு மேலும் கொடுத்தால் நேரடியாக பிக்சல் கணக்கு. எனக்கு 1.7 பொருந்தியது.

கையோடு கையாக, ஜன்னலின் அடியில் இருக்கும் பட்டையான ஸ்டேட்டஸ் பாரையும் தொட்டேன். ஒரே நேரத்தில் சோதனைப் பிரதியும் உண்மையான சர்வரின் பிரதியும் திறந்திருந்தால், எது எது என்று ஒரு பார்வையிலேயே தெரிய வேண்டும். அந்தந்த ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் செட்டிங்ஸ் கோப்பில் 'கலர் கஸ்டமைசேஷன்ஸ்' எழுதினால் அந்த ஜன்னலுக்கு மட்டும் நிறம் மாறும். சர்வருக்கு அடர்சிவப்பு கொடுத்தேன். ஆனால் டீபக் செய்யத் (நிரலை ஓட்டிப் பிழை தேட) தொடங்கியதும் சிவப்பு போய் ஆரஞ்சு வந்துவிட்டது, ஏனென்றால் டீபக் நேரத்து நிறத்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது. அதற்கும் அதே சிவப்பைக் கொடுத்த பிறகு இப்போது எந்த நிலையிலும் மாறுவதில்லை.

அடுத்து, சொல்லின் பொருளைப் பார்த்து நிறம் கொடுக்கும் செமான்டிக் ஹைலைட்டிங் பக்கம் போக வேண்டும். சில மொழிகளில் எக்ஸ்டென்ஷன் (எடிட்டரோடு சேர்க்கும் துணை நிரல்) தரும் நிறம் என் டெக்ஸ்ட்மேட் விதியை முந்திக்கொள்கிறது, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.