பங்குனி வெயிலும் கசூரினாக் கடலும்

பங்குனி பிறந்தால் யாழ்ப்பாண வெயில் சும்மா விடாது. நாலு வயது மகளை வீட்டுக்குள் அடைத்து வைக்கவும் ஏலாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடியவே காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு வெளிக்கிட்டோம். சின்னப் பிள்ளைகளோடு போக இதைவிட நல்ல கடல் இங்கே இல்லை. கரையிலிருந்து வெகுதூரத்துக்கு ஆழமில்லை, பெரிய அலையும் இல்லை, இருக்கச் சவுக்கமர நிழலும் உண்டு.

பொன்னாலைப் பாலத்தில் நிறுத்தச் சொன்னாள். “அப்பா, கொக்கு ஏன் ஒத்தைக் காலில நிக்குது?”

“மற்றக் கால் ஓய்வெடுக்குதம்மா” என்றாள் மனைவி. சரி, அதற்குப் பிறகு கடற்கரை வரும்வரை மகளும் ஒற்றைக் காலை மடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கடலில் அவள் குளித்ததைவிடக் குந்தியிருந்த நேரமே கூட. நகக்கண் அளவு சங்கு ஒன்று மணலில் நகர்ந்தது. உள்ளங்கையில் எடுத்து வைத்தோம். முதலில் இரண்டு மயிரிழைகள், அப்புறம் செம்மஞ்சள் கால்கள் எட்டிப் பார்த்தன. அவள் மூச்சுப் பட்டதும் நண்டு சட்டென்று உள்ளே போய்விட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு அது திரும்ப வரும்வரை காத்திருந்தாள். அந்தப் பொறுமையை நான் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை.

வரும் வழியில் நுங்கு. பெருவிரலை விட்டுத் தோண்டிக் குடிக்கப் பழக்கினேன், சட்டையெல்லாம் ஒரே தண்ணீர்.

வருஷப்பிறப்புக்கு மூலிகை அவித்த மருத்துநீர் வைத்து முழுகி, பெரியவர்கள் கையால் தரும் கைவிசேடக் காசும் வாங்கிய பிறகு கீரிமலைக்குப் போகிறோம். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர்க் கேணி என்றால் நம்பமாட்டேன் என்கிறாள். வாயில் வைத்துப் பார்த்துத்தான் சொல்லுவாளாம்.