கேமரா முன் பன்னிரண்டு நாள்

3 மார்ச் 2025, திங்கள்

பதினான்காம் தேதி இணையவழியில் ஒரு விளக்கவுரை. அதற்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து இங்கே குறித்து வைப்பதாகத் திட்டம். முதலில் கேமராவின் உயரம்.

மடிக்கணினியை மேசையில் வைத்தால் அதன் கேமரா மேசைப் பரப்பிலிருந்து ஏறக்குறைய 22 செ.மீ. உயரத்தில் நிற்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவரின் கண்ணோ 45 செ.மீ. உயரத்தில். முகம் 60 செ.மீ. தள்ளி இருந்தால், லென்ஸ் சுமார் 20 பாகை கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறது. எதிராளிக்குத் தெரிவது தாடை, மூக்குத் துவாரம், பின்னால் மின்விசிறி. பேசுபவர் குனிந்து பார்ப்பதால் சிலருக்கு அது அலட்சியமாகப் படும், சிலருக்குக் கூச்சமாகப் படும். இரண்டுமே உண்மையில் இல்லாத குணங்கள்.

தீர்வு 20 செ.மீ. உயரத்துக்குத் தடித்த புத்தகங்கள். அடுக்கிய பிறகு மூடியைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். பின்னால் சாய்த்தால் லென்ஸ் மறுபடி கூரையைப் பார்க்கும். அந்த உயரத்தில் தட்டச்சு செய்ய முடியாது. தனி விசைப்பலகையும் மவுஸும் தேவைப்படும்.

தூரமும் முக்கியம். 40 செ.மீ.க்குள் போனால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னுக்குப் போகும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, அவ்வளவு கிட்டத்தில் எந்த லென்ஸிலும் முகம் அப்படித்தான் விழும். 60 முதல் 70 செ.மீ. நல்ல தூரம். கண்கள் படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வரட்டும். தலைக்கு மேல் கொஞ்சம் இடைவெளி, கீழே மார்புவரை. கை அசைவு தெரிய வேண்டுமென்றால் இன்னும் 20 செ.மீ. பின்னுக்கு.

4 மார்ச், செவ்வாய்

‘கேமராவைப் பார்த்துப் பேசுங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் ஒரு கறுப்புப் புள்ளியை முறைத்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. முறைத்தால் செய்தி வாசிப்பவர் போல முகம் இறுகிவிடும். கணக்கைப் பார்ப்போம்.

கேட்பவரின் முகம் திரையில் லென்ஸுக்கு 12 செ.மீ. கீழே இருக்கிறது, நம் கண் 60 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்றால் பார்வை 11 பாகைக்கு மேல் தாழ்கிறது. கீழே பார்க்கிறோம் என்பது அப்பட்டமாகத் தெரியும். அவர் முகம் தெரியும் திரைச் சன்னலையே சிறிதாக்கி லென்ஸுக்கு நேர் கீழே, 5 செ.மீ. இடைவெளியில் ஒட்டி வைத்தால் 5 பாகைக்கும் குறைவு. ஏறத்தாழ நேராகப் பார்ப்பது போலத்தான் இருக்கும். சன்னலை நகர்த்த முடியாவிட்டால் நாற்காலியை 90 செ.மீ.க்குத் தள்ளலாம், அதே 12 செ.மீ. அப்போது 7.6 பாகை ஆகிவிடும்.

இரண்டு திரை வைத்திருப்பவர்கள் பக்கத்துத் திரையில் கூட்டத்தை வைப்பது பெரிய தவறு. பேச்சு முழுக்க அவர் வேறு யாரிடமோ பேசுவது போல இருக்கும். கேமரா எந்தத் திரையிலோ, முகங்களும் அதே திரையில்.

லென்ஸையே நேராகப் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்றுதான்: முதல் வாக்கியம், முடிவைச் சொல்லும் வாக்கியம், கேள்விக்குப் பதிலின் முதல் வரி. மற்ற நேரம் முகங்களைப் பார்க்கலாம். குறிப்புகளைத் திரையின் மேல் ஓரத்தில் வைக்க வேண்டும், மேசையில் அல்ல. முழு வாக்கியமாக எழுதினால் விழிகள் இடமிருந்து வலமாக ஓடுவது காட்டிக்கொடுத்துவிடும். வரிக்கு மூன்று சொல் போதும்.

5 மார்ச், புதன்

சிறு விஷயம். நம் திரையில் நம் முகம் கண்ணாடி பிம்பம் போல இடம் வலம் மாறித் தெரியும். மற்றவர்களுக்கு நேராகவே போகிறது. பின்னாலுள்ள பலகை எழுத்து நமக்கு இடம் வலம் மாறித் தெரிகிறதே என்று பதற வேண்டாம்.

கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு நம் படத்தை மறைத்துவிடுவது நல்லது. ஜூமில் நம் படத்தின் மேல் வலது சொடுக்கு, ‘ஹைட் செல்ஃப் வியூ’. மற்றவர்களுக்கு நாம் தொடர்ந்து தெரிவோம். காணொளிக் கூட்டங்கள் ஏன் அலுப்பூட்டுகின்றன என்று 2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் எழுதிய கட்டுரை சொல்லும் நான்கு காரணங்களில், தன் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்று. தலைமுடியைக் கோதுவதும் சட்டைக் காலரை இழுப்பதும் அந்தச் சிறு கட்டத்தைப் பார்ப்பதால் வரும் வேலைகள்.

6 மார்ச், வியாழன்

வெளிச்சம். முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் கேமரா சன்னலுக்குத் தக்கபடி ஒளியைக் குறைத்துக்கொள்ளும், முகம் கருநிழலாகும். திரும்பி உட்காருவது எந்த விளக்கையும் விட மேல்.

மாலையில் விளக்குதான் துணை. கேமராவுக்கு நேர்மேலே வைக்காமல் பக்கவாட்டில் 45 பாகையில், கண்ணுக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஆகவே பெரிய விளக்கு வாங்குமுன் இருப்பதைக் கிட்டே நகர்த்திப் பார்க்கலாம். மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டை சாய்த்து நிறுத்தினால் நிழல் தணியும்.

ஒரு பக்கம் சன்னல், மறுபக்கம் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு என்றால் முகம் பாதி நீலம், பாதி ஆரஞ்சு. கேமராவால் ஒரு நிறத்துக்குத்தான் ஈடுகொடுக்க முடியும். ஒன்றை அணைக்க வேண்டும்.

மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் விளக்கை இன்னும் உயர்த்தி, பக்கவாட்டில் விலக்கிப் பார்க்கவும். வட்ட விளக்கு முன்னால் இருந்தால் கண்களின் இடத்தில் இரண்டு வளையம்தான் தெரியும். திரையின் பிரகாசத்தைக் குறைப்பதும் உதவும்.

படத்தில் மெல்லிய பட்டைகள் உருண்டுகொண்டே இருந்தால் அது மின்சார அதிர்வெண். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை சிமிட்டும். கேமரா 60க்கு அமைக்கப்பட்டிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. கேமரா அமைப்பில் ‘ஃப்ளிக்கர்’ என்ற இடத்தில் ஊருக்கேற்ற எண்ணைத் தேர்ந்தால் நிற்கும்.

8 மார்ச், சனி

இன்று ஒலி. படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கரகரத்தால் இரண்டு நிமிடத்தில் மின்னஞ்சல் பார்க்கப் போய்விடுவார்கள். காசு செலவழிக்க ஒரே ஒரு இடம் என்றால் கேமராவை விட்டுவிட்டு மைக்கில் போடலாம்.

அறையின் எதிரொலிதான் பெரும்பாலும் வில்லன். வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கும்போதெல்லாம் நேர்க்குரல் 6 டெசிபெல் கூடும், எதிரொலி அப்படியே இருக்கும். 60 செ.மீ.யிலிருந்து 15 செ.மீ.க்கு வந்தால் 12 டெசிபெல் லாபம். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போன்ற தொனி அதிலேயே போய்விடும். காதணி (ஹெட்செட்) மைக் என்றால் வாயின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி. நேர் முன்னால் வைத்தால் ஒவ்வொரு ‘ப’வும் குண்டு வெடித்தது போலக் கேட்கும்.

ப்ளூடூத் காதணியில் ஒரு சூது உண்டு. பாட்டுக் கேட்கும்போது அருமையாக இருக்கும். அதன் மைக்கை இயக்கிய மறுகணம் இணைப்பு பேச்சுக்கான முறைக்கு மாறும். சாதாரண ப்ளூடூத்தில் அது 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம், அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளக்கிறது என்பது. எட்டு என்றால் அதில் பாதியான 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எதுவும் போகாது. ‘ஸ’, ‘ஷ’, ‘ஃப’ எல்லாம் ஒரே காற்றாகிவிடும். வழி எளிது: கூட்டச் செயலியின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கராக ப்ளூடூத்தையும், மைக்காகக் கணினியின் மைக்கையோ கம்பி மைக்கையோ தனித்தனியாகத் தேர்வு செய்யலாம்.

காதணியே இல்லாமல் ஸ்பீக்கரில் கேட்டால், எதிரொலியைத் தடுக்கும் நிரல் இருவரும் ஒரே நேரத்தில் பேசும்போது ஒருவரை அமுக்கும். அமுங்கியவர் திக்கித் திணறுவது போலக் கேட்கும். பயந்த சுபாவம் என்று பெயர் வாங்கித் தருவது அந்த நிரல்.

9 மார்ச், ஞாயிறு

நேற்றைய விஷயத்தின் தொடர்ச்சி. தமிழில் பேசுபவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

நம் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆமாமா இல்லையா என்பதும் அங்கேதான். ‘வேணும்’, ‘வேணாம்’ இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி அசையில் ஒரே ஓர் உயிரொலி. ‘முடியும்’, ‘முடியாது’ இரண்டும் பிரிவதும் சொல்லின் கடைசியில்தான். மூச்சு தீர்ந்து குரல் தாழும் இடமும் அதே கடைசி அசை. போதாக்குறைக்குச் சத்தம் நீக்கும் வசதியை உச்சத்தில் வைத்திருந்தால், தாழ்ந்த குரலை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அது விழுங்கிவிடும். ‘இந்த மாதம் புதுசா ஆள் எடுக்க வே…’ என்று நின்றுபோனால் கேட்டவர் தனக்குப் பிடித்த முடிவைப் போட்டுக்கொள்வார்.

செய்ய வேண்டியவை: சத்தம் நீக்குவதை நடுத்தரத்திலோ குறைவிலோ வைப்பது. ‘போய், பார்த்து, பேசி, வாங்கி’ என்று எச்சங்களைக் கோக்காமல் இரண்டு வினைக்கு ஒரு முறை நிறுத்துவது. கடைசிச் சொல்லுக்குமுன் ஒரு வாய் மூச்சு எடுப்பது. முடிவை முன்னுக்குக் கொண்டுவருவது: ‘என் பரிந்துரை, தள்ளிப்போட வேண்டாம். காரணம் இரண்டு.’ முக்கியமான மறுப்பை இருமுறை சொல்வது: ‘வேண்டாம், இந்த மாதம் வேண்டாம்.’

தயக்கமும் நம்மிடம் வால் பக்கமாகத்தான் ஒட்டும். ‘செய்யலாம்னு நினைக்கிறேன்’, ‘இருக்கும்னு தோணுது’. உண்மையிலேயே உறுதி இல்லாத இடத்தில் அது நேர்மை. தெரிந்த எண்ணைச் சொல்லும்போது அந்த வாலை வெட்டிவிடலாம். ‘வந்து’, ‘ஆக்சுவலா’, ‘பேசிக்கலி’ வரும் இடங்களில் ஒரு நொடி மௌனம் போதும். ஆனால் மௌனம் மூன்று நொடி தாண்டினால் இணைப்பு உறைந்துவிட்டதாக நினைத்து யாராவது ‘ஹலோ?’ என்பார்கள். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ‘எண்ணைச் சரிபார்க்கிறேன், ஒரு நிமிஷம்’ என்று சொல்லிவிட்டுத் தேடலாம்.

11 மார்ச், செவ்வாய்

ஸ்லைடு எழுத்தளவு. பவர்பாயிண்டின் அகலத் திரை ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம். கேட்பவர் கைப்பேசியைக் கிடையாகப் பிடித்தால் படம் சுமார் 11.5 செ.மீ. அகலத்தில் விழும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. நாம் வைத்த 24 பாயிண்ட் அங்கே 8 பாயிண்ட். நிமிர்த்திப் பிடித்தால் ஐந்துக்கும் கீழே. தமிழ் எழுத்தில் கொம்பும் சுழியும் நெருக்கமாக இருப்பதால் 28க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டுவது கேட்பவரை அவமதிப்பது. தேவையான மூன்று எண்களை மட்டும் எடுத்துப் பெரிதாகப் போடலாம்.

பகிரும்போது முழுத் திரையை விட ஒரே சன்னலைப் பகிர்வது பாதுகாப்பு, வாட்ஸ்ஆப் செய்தி எட்டிப் பார்க்காது. ஆனால் அதில் ஒரு பொறி: பவர்பாயிண்ட் சன்னலைப் பகிர்ந்துவிட்டு ஸ்லைடு ஷோவைத் தொடங்கினால் அது வேறொரு சன்னலில் திறந்து, மற்றவர்கள் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். ‘செட் அப் ஸ்லைடு ஷோ’வில் சன்னலுக்குள்ளேயே ஓடும் வகையைத் தேர்ந்தால் இந்தத் தொல்லை இல்லை. காணொளித் துண்டு ஓட்டுவதானால் ஜூமில் பகிரும்போதே ஒலியைப் பகிர்வதற்கும் காணொளிக்கு ஏற்றபடி மாற்றுவதற்கும் உள்ள இரண்டு கட்டங்களையும் டிக் செய்ய வேண்டும். மறந்தால் ஊமைப்படம், அதுவும் தாவித் தாவி.

12 மார்ச், புதன்

இணைப்பு. வேக சோதனையில் பதிவிறக்க எண்ணைப் பார்த்துப் பூரிக்கிறோம். நம் முகம் போவது பதிவேற்றத்தில். ஜூமில் இருவர் பேச்சுக்கு 720பி படத்துக்கு 1.2 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) அளவு வேண்டும், குரலுக்கு மட்டும் 0.1 கூடத் தேவையில்லை. ஆகவே தடுமாறும்போது படத்தை நிறுத்திவிட்டுக் குரலைக் காப்பாற்றலாம். வேகம் இருந்தும் உறைந்தால் பெரும்பாலும் வைஃபை தரவுப் பொட்டலங்களைத் தவறவிடுகிறது என்று பொருள். கம்பி இணைப்பு அதைத் தீர்க்கும்.

ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக ஓடும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியூ-டி) ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, இருவரும் நிறுத்தி, ‘நீங்க சொல்லுங்க’ என்று உபசரித்துக்கொள்ள வேண்டியதுதான். கேள்வி கேட்டுவிட்டு ஆறு நொடி காத்திருக்கவும். தாமதம், மைக்கைத் திறக்கத் தேடுவது, யார் பேசுவது என்ற தயக்கம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ‘யாருக்காவது கேள்வி உண்டா’ என்பதை விட, பெயர் சொல்லி ஒருவரிடம் கேட்டால் உடனே பதில் வரும்.

13 மார்ச், வியாழன்

ஒத்திகை. தனியாக ஒரு கூட்டம் தொடங்கி, பதிவு செய்து, கைப்பேசியில் பார்ப்பது. முதல் தடவை படம் இல்லாமல் ஒலி மட்டும், அடுத்த தடவை ஒலி இல்லாமல் படம் மட்டும். சேர்த்துப் பார்த்தால் தன் மூக்கைத் தவிர எதுவும் கண்ணில் படாது.

பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடத்துக்குத் தயார் செய்ய வேண்டும். முதல் நான்கு வாக்கியங்கள் மட்டும் மனப்பாடம். ‘கேக்குதா? ஸ்க்ரீன் தெரியுதா?’ என்பது அந்த நான்கில் இருக்கக் கூடாது. அதை முன்னதாகவே ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு முடித்துவிடலாம்.

14 மார்ச், வெள்ளி

30 நிமிடம் முன்: கணினியை ஒரு முறை அணைத்து இயக்குதல், மின்கம்பி செருகுதல், அறிவிப்புகளை முடக்குதல், லென்ஸைத் துணியால் துடைத்தல். விரல் எண்ணெய் படிந்த லென்ஸ் எல்லா விளக்கையும் பனிமூட்டமாக்கும்.

10 நிமிடம் முன்: ஒலி அமைப்பில் மைக்கின் பெயரை மறுபடி பார்த்தல். மறுஇயக்கத்துக்குப் பிறகு அது தானாக மாறியிருக்கும் வாய்ப்பு உண்டு. ஸ்லைடுகளின் பிடிஎஃப் ஒருங்கிணைப்பாளருக்குப் போய்விட்டது. நம் இணைப்பு அறுந்தால் அவர் காட்டுவார். கைப்பேசியும் அதே கூட்டத்தில், மைக்கும் ஸ்பீக்கரும் அணைத்தபடி. ஸ்பீக்கரை அணைக்க மறந்தால் இரண்டு கருவியும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிடும்.

மைக்கைத் திறக்க மவுஸைத் தேட வேண்டாம். விண்டோஸில் ஜூமுக்கு ஆல்ட் + ஏ, டீம்ஸுக்குக் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எம், கூகுள் மீட்டுக்குக் கன்ட்ரோல் + டி.

முடிந்ததும் ‘லீவ்’ அழுத்தி, கூட்டத்தின் சன்னலை மூடி, கேமரா விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு பெருமூச்சு விடவும். கைப்பேசியிலும் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும்.