குசினியில் ஒரு முழ இடம்

கல்லடியில எங்கட குசினி சின்னது. காஸ் அடுப்புக்கும் ரைஸ் குக்கருக்கும் நடுவில ஒரு முழ இடம்தான் மிச்சம். அம்மாவுக்குப் பிரஷர். பொரிச்ச மீனைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. அதனால எண்ணெய் குறைவா, சுடுகாற்றில பொரிக்கிற எயார் பிரையர் தேடி போன மாதம் முழுக்க அலைஞ்சன்.

கடையில எல்லாரும் லீற்றரைத்தான் சொல்றாங்க. நான் பார்த்தது கூடையின்ட அடிப்பரப்பை. மேல இருக்கிற கம்பிச் சூட்டைக் காற்றாடிதான் சுழற்றி விடுது. மீன் ஒன்றுக்கு மேல ஒன்று கிடந்தா அடியில இருக்கிறது அவிஞ்சு போகும், மொறுமொறுப்பு வராது. சின்ன மெஷின் என்டா சதுரக் கூடைதான் நல்லம். ஒரு திரளி மீன் நீளத்துக்கு ஈர்க்கு முறிச்சுக்கொண்டு போய், ஒவ்வொரு கூடைக்குள்ளயும் வச்சுப் பார்த்தன்.

கடைசியில எடுத்தது 4 லீற்றர், 1400 வோட்ஸ். 230 வோல்ற்றில 6 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். பழைய 5 அம்பியர் பொயின்ற்றில தயவுசெய்து குத்தாதீங்க. நாங்க 13 அம்பியர் போட்ட பிறகுதான் வாங்கினம். பின்பக்கத்தால சுடுகாற்று வரும், சுவரோட ஒட்டி வைக்கவும் கூடாது.

நேற்று சூடை மீனுக்கு மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் பிரட்டி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் மட்டும் தடவி 200 பாகையில வச்சன். பாதியில ஒருக்காத் திருப்பிவிட்டன். வால் ஓரம் கருகாமச் சிவந்து வந்திச்சு. அம்மா முள்ளோட கடிச்சிட்டு, "இன்னும் ரெண்டு வை மகள்" என்று கோப்பையை நீட்டினா.