அப்பாவின் பட்டன் போனும் வெட்டுப்பட்ட சிம்மும்

போனைத் தேர்ந்தெடுத்து வாங்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதில் அப்பாவின் பழைய எண்ணைப் பேச வைப்பதற்குத்தான் ஏறத்தாழ மூன்று வாரம் பிடித்தது. அதுவும் 2025 தை மாதம், சம்பா அறுவடை முடிந்து நெல் களத்தில் கிடந்த நேரத்தில். மன்னார்குடிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்கும் நான் வேலை பார்க்கும் தஞ்சாவூருக்கும் இடையே அந்த மூன்று வாரத்தில் எத்தனை முறை பேருந்து ஏறினேன் என்று எண்ணிப் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

அப்பாவின் பழைய போன் மதகில் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து வாய்க்காலில் விழுந்து போயிற்று. சிம் மட்டும் தப்பியது. பத்தாண்டாக அவரிடம் இருப்பது அந்த ஒரே எண். ஆதார், வங்கிக் கணக்கு, நெல் கொள்முதல் நிலையப் பதிவு எல்லாம் அதில்தான். ஆனால் அந்த நிறுவனத்தின் டவர் எங்கள் வீட்டுக்குள் எடுக்காது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் பேச்சு கேட்கும். புதுப் போன் வாங்கும் கையோடு எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். முடிவில் பிழையில்லை, வரிசையில்தான் பிழை.

பட்டன் போன் வாங்குவோர் ஒன்றை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது 2ஜி மட்டும் உள்ள போன். 2ஜியே இல்லாத நிறுவனத்தின் சிம்மை அதில் போட்டால் அது வெறும் டார்ச் லைட். அட்டைப் பெட்டியில் 4ஜி என்றும் வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) என்றும் இரண்டும் அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே வாங்குங்கள். எழுத்துப் பெரிதாகவும், எண்ணை அழுத்தும்போது அதை வாய்விட்டுச் சொல்வதாகவும் இருந்த ஒன்றை எடுத்தோம். ஒலி போதுமா என்பதைக் கடைக்குள் சோதிக்காமல், பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சாலையோரத்தில் நின்று பேசிப் பார்த்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அடுத்த நிமிடமே கோட்டை விட்டேன். அப்பாவின் சிம் பழைய பெரிய அளவு. புதுப் போனில் இருந்ததோ நானோ சிம்முக்கான இடம். கடைப் பையன், "வெட்டிக் குடுத்துடறேன் சார்" என்று கட்டரை எடுத்தான். நான் தலையாட்டினேன். பொன்னிறத் தகட்டின் ஓரம் மயிரிழை அளவு போயிற்று; அத்தோடு சிம்மும் போயிற்று.

டூப்ளிகேட் சிம் வாங்க முதல் நாள் நான் மட்டும் போனேன். எண் யார் பெயரில் உள்ளதோ அவரே வர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அது நியாயமான விதி, குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் அப்பாவை அழைத்துக்கொண்டு போனால், கைரேகை பதியவில்லை. ஐம்பது ஆண்டு மண்வெட்டி பிடித்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? ஈரத் துணியால் துடைத்தும், கட்டை விரலை மாற்றி மாற்றி வைத்தும், எட்டு முறை கருவி சிவப்பு விளக்கையே காட்டியது. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், "ஆதார் மையத்துல ரேகையைப் புதுப்பிச்சிட்டு வாங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கைரேகை இல்லாமலும் வழி உண்டு. அசல் ஆதார் அட்டையையும் ஆளையும் கடையிலேயே நேரடியாகப் படம் எடுத்துப் பதிவு செய்யும் டிஜிட்டல் முறை நடைமுறையில் இருக்கிறது; 2024 ஜனவரி முதல் காகிதப் படிவத்துக்குப் பதிலாக அதுதான். இதை நான் சொன்ன பிறகுதான் மேலாளர் எழுந்து வந்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. உங்கள் வீட்டிலும் விவசாயியோ கொத்தனாரோ இருந்தால், ரேகை பதியவில்லை என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

சிம் உயிர் பெற்றது. குறுஞ்செய்தி மட்டும் வரவில்லை. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வரவும் செய்யாது, போகவும் செய்யாது; மோசடிக்காரர்கள் ஓ.டி.பி. பிடிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடாம். கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்களுக்கோ அன்றைக்குக் கொள்முதல் நிலையப் பதிவுக்கு ஓ.டி.பி. வந்தாக வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரக் காயவைத்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, பனி இறங்கி மறுபடியும் ஈரம் ஏறுமோ என்று அப்பா இரவெல்லாம் களத்தில் படுத்துக்கிடந்தார். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஓ.டி.பி. வந்து பதிவும் முடிந்த பிறகு, நிறுவனத்தை மாற்றுவதற்காக ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900க்கு அனுப்பினேன். மறுத்துவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் போர்ட் செய்வதற்கான குறியீடு தர மாட்டார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. நிறுவனம் மாறினால் எப்படியும் அவர்கள் புதுச் சிம் கொடுக்கத்தான் போகிறார்கள்! பழைய சிம்மை வெட்டாமல், பக்கத்து வீட்டுப் பழைய போனில் அப்படியே போட்டு, அந்த ஒரு குறுஞ்செய்தியை முதலில் அனுப்பியிருந்தால் டூப்ளிகேட்டும் வேண்டாம், அதற்கான அலைச்சலும் வேண்டாம், ஏழு நாள் காத்திருப்பும் வேண்டாம். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற நினைப்பவர்கள் பழைய சிம்மைத் தொடாதீர்கள். முதலில் குறியீடு, பிறகுதான் மற்றதெல்லாம்.

அந்த ஏழு நாளில் உருப்படியாக ஒன்று செய்தேன். அக்கம்பக்கத்தாரிடம் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் உள்ள போன்களை இரவல் வாங்கி, திண்ணை, கூடம், கொல்லை, களம், பம்புசெட்டுக் கொட்டகை என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று பேசிப் பார்த்தேன். கடைக்காரர் பரிந்துரைத்த நிறுவனம் கூடத்திலேயே அறுந்து போனது. எல்லா இடத்திலும் எடுத்ததைத் தேர்ந்தோம். ஏழு நாள் கழிந்து மறுபடி அனுப்பியதும் வந்த எட்டெழுத்துக் குறியீடு நான்கு நாள்தான் செல்லும் என்பதால், அது வந்த வெள்ளிக்கிழமையே விண்ணப்பம் கொடுத்தோம். மூன்று வேலை நாள் என்ற கணக்கில் ஞாயிறும் குறுக்கிட, செவ்வாய் இரவு எண் புது நிறுவனத்துக்கு மாறியது.

திட்டத்திலும் ஓர் இழுபறி. 199 ரூபாய்க்கு 28 நாள் என்று கடையில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 28 நாள் என்பது மாதமன்று; ஆண்டுக்குப் பதின்மூன்று முறை போட வேண்டும், கூட்டினால் 2,587 ரூபாய். அப்பாவுக்கு இணையம் எதற்கு? பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களையும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்திருந்தது. அடுத்த மாதமே அவை வந்தும்விட்டன. கடைச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அது இல்லை. கேட்டதற்கு "அப்படி ஒண்ணும் இல்ல சார்" என்றார்கள். நிறுவனத்தின் செயலியைத் திறந்து காட்டி, 1,849 ரூபாய்க்கு 365 நாள் திட்டத்தைப் போட வைத்தேன்.

இப்போது பம்புசெட்டுக் கொட்டகையில் இருந்தே அப்பா பேசுகிறார். எண்ணை அழுத்தும்போது வாய்விட்டுச் சொல்லும் வசதியை மட்டும் அணைத்துவிடச் சொல்லியிருக்கிறார். யாருக்குப் பேசப் போகிறார் என்று தெருவுக்கே முன்கூட்டித் தெரிந்துவிடுகிறதாம்.