கடைசி றீல்

பாடசாலை மண்டபத்தில் பார்த்த ஆங்கிலப் படங்களில் எனக்கு இன்றைக்கும் மறக்காதது, முடிவைப் பார்க்காத படம்தான். ‘கிராக் இன் த வேர்ல்ட்’. 1965இல் வெளியானது, எங்களிடம் வந்து சேர நாலைந்து வருடம் பிடித்தது. யாழ்தேவி ரயிலில் வந்த மூன்று தகர றீல் பெட்டிகளையும் பூமிசாத்திர மாஸ்டர் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். தலைக்கு 25 சதம்.

கதை ஆபிரிக்காவில், இன்றைக்குத் தன்சானியாவோடு சேர்ந்துவிட்ட தங்கனீக்காவில் நடக்கிறது. பூமிக்கடியில் கொதிக்கும் குழம்பை மேலே எடுத்தால் உலகத்துக்குச் சக்திப் பஞ்சமே வராது என்கிறார் சோரன்சன் என்ற விஞ்ஞானி. டானா அன்ட்ரூஸ் நடித்திருப்பார். துளை ஒரு கடும் படையில் முட்டி நிற்க, அணுகுண்டு பூட்டிய ரொக்கெற்றைத் தலைகீழாக உள்ளே விடுகிறார்கள். அணுச் சோதனைகளால் பூமியின் ஓடு ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறது, வேண்டாம் என்று றம்பியன் என்ற இளையவர் சொல்வதை யார் கேட்டார்கள்? ஓடு பிளந்து, வெடிப்பு ஓடத் தொடங்குகிறது. போகிற வழியெல்லாம் பூகம்பம். அதை மறிக்க எரிமலை வாய்க்குள் இன்னொரு குண்டை இறக்குகிறார்கள். யன்னல்களுக்குப் பனையோலைப் பாய் கட்டி இருட்டாக்கிய மண்டபத்தில் எங்களுக்கும் அவர்களோடு சேர்ந்து வேர்த்தது. வெடிப்பு நிற்கவில்லை, திரும்பியது.

மூன்றாவது பெட்டியைத் திறந்தால் உள்ளே நெற்செய்கை பற்றிய விளக்கப்படம்!

மாஸ்டர் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறினார். “வெடிப்பு உப்பிடிச் சுத்திக்கொண்டு துடங்கின இடத்துக்கே வரும். உள்ளுக்கை அகப்பட்ட துண்டு மேலை பறந்துபோய் இரண்டாவது சந்திரனா நிக்கும்.”

“சேர் புளுகுறார்” என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல்.

அவர் சிரித்தார். “படத்திலைதான் நடக்கும். ஓட்டுக்குக் கீழை குழம்பு தளம்பிக்கொண்டு நிக்கேல்லை, பெரும்பாலும் திண்மப் பாறைதான். ஆனா ஆபிரிக்கா பிளக்கிறது உண்மை. பிளவுப் பள்ளத்தாக்கை மாப்பிலை பாருங்கோ.” பூமியின் ஓடு நகரும் தகடுகளாக இருக்கிறது என்னும் புவித்தகட்டுக் கொள்கை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது, எங்கள் புத்தகங்களில் அது இல்லை.

பிறகு சோவியத்துக்காரர் ரஷ்யாவின் வடமேற்கிலுள்ள கோலா குடாநாட்டில் உண்மையாகவே துளைத்தார்கள். 1970இல் தொடங்கி 1989இல் 12,262 மீற்றர். கீழே 180 பாகை செல்சியஸ் வெப்பம், அதற்கப்பால் முடியவில்லை. அங்குள்ள ஓட்டின் தடிப்பில் அது ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான். மாஸ்டருக்குப் பிடித்திருக்கும் கணக்கு.

ரொறன்ரோவில் ஒரு பனிக்கால இரவு படத்தின் டிவிடி கிடைத்தது. பாலத்தோடு விழும் ரயில் பொம்மை ரயிலென்று நன்றாகவே தெரிந்தது. ஆனால் முடிவு? வெடிப்பு சுற்றி வந்து சேர்ந்தது, துண்டு பறந்தது, வானத்தில் இரண்டாவது சந்திரன். சோக்கட்டியால் கீறிய அதே வட்டம்.

அந்தப் பின்வாங்குக்காரன் இப்போது இலண்டனில் இருக்கிறான். அங்கே விடிந்திருக்கும் என்று உடனேயே எடுத்தேன். “டேய், மாஸ்டர் புளுகேல்லையடா. அந்தப் படம் ஞாபகமிருக்கோ?”

“ஏன் இல்லாமல்?” என்றான். “நாத்து நடுறதிலை தொடங்கி சூடடிக்கிற வரைக்கும் இருந்து பாத்தனாங்களெல்லோ.”