ஒளிய இடமில்லாத கரண்டி

வெள்ளிக் கரண்டி என்றால் கைப்பிடியில் கொடியோ பூவோ சிப்பியோ புடைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் எப்படியோ ஊறிப்போயிருந்தது. அதனால் யோசெஃப் ஹோஃப்மான் வரைந்த கரண்டிகளின் படங்களை முதன்முதலில் பார்த்தபோது, வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆசாரி வீட்டுக்குப் போய்விட்டாரோ என்றுதான் தோன்றியது. நீண்டு தட்டையாக ஒரு வெள்ளிப் பட்டை, அதன் நுனியில் ஒரு குழி; முள்கரண்டியானால் குழிக்குப் பதில் முட்கள். 'தட்டை மாதிரி' என்பதே அந்த வரிசைக்கு வழங்கிய பெயர். பின்னாளில் அவரே 'உருண்டை மாதிரி' என்று இன்னொன்றும் செய்தார். அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

ஹோஃப்மான் கட்டடக் கலைஞர். 1870-இல் இன்றைய செக் நாட்டில் உள்ள மொராவியாவில் பிறந்து, வியன்னாவில் கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னரிடம் பயின்றவர். 1903-இல் ஓவியர் கோலோமன் மோசருடனும், துணி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் வேர்ன்டோர்ஃபரின் பணத்துடனும் 'வீனர் வெர்க்‌ஷ்டேட்டே' என்னும் வியன்னாப் பட்டறையைத் தொடங்கினார். மூன்று அறைகள் கொண்ட சிறிய குடியிருப்பில் தொடங்கிய பட்டறை, அந்த ஆண்டு முடிவதற்குள் நொய்ஷ்டிஃப்ட் தெருவில் இருந்த பெரிய கட்டடத்துக்கு இடம் மாறிவிட்டது. சதுரத்தின் மீது அவருக்கு இருந்த பித்தைப் பார்த்து ஊரார் அவருக்குச் 'சதுர ஹோஃப்மான்' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். கட்டம் போட்ட தாளில்தான் வீட்டையும் வரைந்தார், நாற்காலியையும் வரைந்தார், சோற்று மேசைக்கான கரண்டியையும் வரைந்தார்.

தாளில் இரண்டு நேர்கோடுகளை இழுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த இரண்டு கோடுகளையும் வெள்ளியில் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. வெள்ளியை அடிக்க அடிக்க அது இறுகிக்கொண்டே போகும். நெருப்பில் காய்ச்சி ஆறவிட்டால்தான் மீண்டும் சுத்தியலுக்கு இணங்கும். இப்படிக் காய்ச்சியும் அடித்தும் மட்டப்படுத்திய பட்டையை அரத்தால் ராவி மெருகேற்றும்போது, கை சற்று அழுந்தினாலும் கூரிய விளிம்பு மழுங்கிவிடும், நடுவில் எங்காவது லேசாகக் குழிந்துவிடும். பூவேலை உள்ள கைப்பிடியில் இந்தப் பிழைகள் இலைக்கடியிலும் இதழுக்கடியிலும் ஒளிந்துகொள்ளும். தட்டைக் கைப்பிடியிலோ விளக்கொளி ஒரே நேர்கோடாக விழுகிறது. மேற்பரப்பில் மயிரிழை அளவு மேடுபள்ளம் இருந்தாலும் அந்தக் கோடு நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். அலங்காரத்தை நீக்கினால் வேலை குறையும் என்பது கரண்டியை வாங்குகிறவரின் கணக்கு.

அதே வியன்னாவில் வாழ்ந்த அடோல்ஃப் லோஸ் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர், அலங்காரம் என்பது தொழிலாளியின் உழைப்பையும் பொருளையும் வீணாக்கும் செயல் என்று வாதிட்டவர்; ஹோஃப்மானின் பட்டறையை அவர் ஓயாமல் சாடியும் வந்தார். அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் இந்தக் கரண்டியிடம் அது செல்லுபடியாகாது. ஒரு நாளில் பத்துப் பொருள்களைச் செய்வதைவிட ஒரு பொருளுக்குப் பத்து நாள் செலவிடுவதே மேல் என்பது அந்தப் பட்டறையின் கொள்கை, அந்தப் பத்து நாள்களையும் ஒரு பூகூட இல்லாத பட்டையே விழுங்கிவிடக் கூடும்.

இந்தக் கரண்டிகளை வீட்டுக்கென்று செய்து வாங்கியவர்களில் முதன்மையானவர்கள் வேர்ன்டோர்ஃபர் தம்பதியரே. 1906-இல் பட்டறை தன் இடத்திலேயே, விதவிதமாக அலங்கரித்த சாப்பாட்டு மேசைகளை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. இந்தக் கரண்டிகளைக் கண்டு, பிணம் அறுக்கும் கருவிகளைப் போல இருக்கின்றன என்று குறை சொன்னவர்களும் உண்டு. கையால் உண்டு வளர்ந்த எனக்கு எல்லா முள்கரண்டிகளுமே கொஞ்சம் அப்படித்தான் தெரியும் என்பதால் இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும், மெல்லிய தட்டைப் பட்டையின் விளிம்பு விரலை உறுத்தும் என்பதும், குழியும் பிடியும் சேரும் கழுத்தில் போதிய கனம் இல்லையென்றால் வெள்ளி வளைந்துவிடும் என்பதும், ஒரு கரண்டியைக் கையில் பிடித்துப் பார்த்த யாருக்கும் விளங்கக்கூடியவை. பொதுவாகவே வெள்ளி கூர்மையைத் தாங்காது. ஆகையால் இறைச்சி வெட்டும் கத்திக்கு எஃகு அலகு வேண்டும். பழக்கத்திக்கு மட்டும் வெள்ளி அலகே நல்லது, ஏனெனில் அக்காலத்து எஃகு பழத்தின் புளிப்பில் கறுத்து, வாயிலும் இரும்புச் சுவையை ஏற்றிவிடும். முட்டையோ வெள்ளியையே கறுக்கவைக்கும். கோட்டையும் சதுரத்தையும் எவ்வளவு விரும்பினாலும் கட்டடக் கலைஞர் இந்தச் சில்லறைச் சங்கடங்களுக்குத் தலைவணங்கியே ஆக வேண்டும்.

என்னை இந்தக் கரண்டிகளிடம் திரும்பத் திரும்ப இழுப்பது அவற்றில் அடித்திருக்கும் முத்திரைகள்தான். ஓவியருக்கும் சிற்பிக்கும் தரும் மதிப்பைக் கைவினைஞருக்கும் தர வேண்டும் என்று பட்டறை 1905-இல் அச்சிட்ட தன் திட்ட அறிக்கையில் எழுதியது. அதை எழுத்தோடு விட்டுவிடவும் இல்லை. பட்டறையின் ரோஜா முத்திரை, அதன் பெயரின் முதலெழுத்துகளான இரட்டை 'டபிள்யூ', வரைந்தவரின் முதலெழுத்துகள் ஆகியவற்றோடு, சுத்தியல் பிடித்தவரின் முதலெழுத்துகளையும் அதன் வெள்ளிப் பொருள்களில் காணலாம். யோசெஃப் ஹோஸ்ஃபெல்ட், ஆல்ஃபிரெட் மேயர் போன்ற வெள்ளி ஆசாரிகளின் பெயர்கள் இன்று நமக்குத் தெரிவதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம்.

இந்த மரியாதைக்கு விலை இருந்தது. வேர்ன்டோர்ஃபர் தம் செல்வத்தை இதில் கரைத்துவிட்டு 1914-இல் அமெரிக்காவுக்குப் போனார். பட்டறையை வேறு புரவலர்கள் தாங்கிப் பிடித்தும், 1932-இல் அதைக் கலைக்க வேண்டியதாயிற்று. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் அந்தக் கரண்டிகள் முகம் மேலே தெரியும்படிதான் பெரும்பாலும் கிடக்கின்றன. பெயரட்டையில் ஹோஃப்மான் என்று இருக்கிறது, ஆசாரியின் எழுத்துகள் துணிக்கு அடியில்.