வாள் சண்டைக்கு வர்க்க விதி பொருந்தாது

பழங்காலப் போரைக் கணக்குப் போட்டு மாடல் செய்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம், லாஞ்செஸ்டரின் வர்க்க விதியை (படையின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்ற கணக்கு) வாள் சண்டைக்கும் போட்டுவிடுவது. 1,000 பேருக்கு எதிராக 600 பேர், சம திறமை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய படை முழுதும் விழும்போது வர்க்க விதிப்படி 800 பேர் மிஞ்சுவார்கள் (1,000² − 600² = 800²). ஆளுக்கு ஆள் விழும் நேர்கோட்டு விதியில் 400 பேர்தான் (1,000 − 600). பாதிக்குப் பாதி!

வர்க்க விதி, யாரும் யாரையும் குறிபார்க்க முடிகிற துப்பாக்கிச் சண்டைக்கு உரியது. ஈட்டி வரிசையில் முன்னால் நிற்பவர்கள்தான் குத்த முடியும். கி.மு. 216இல் இத்தாலியின் கன்னேயில் ஹன்னிபாலின் கார்த்தேஜ் படையோடு நடந்த போரில் ரோமானியர்களே அதிகம். ஆனால் சுற்றிவளைக்கப்பட்டதும் நடுவில் நெருக்குண்டவர்களால் வாளை வீசக்கூட முடியவில்லை. ஆகவே தலைக்கணக்கோடு முகப்பின் அகலத்தையும் மாறியாகச் சேருங்கள்.

கடைசி ஆள் வரை கணக்கை ஓட்டவும் கூடாது. படைகள் அதற்கு வெகுமுன்பே சிதறிவிடும். ஆட்டக் கோட்பாடு (மற்றவர் என்ன செய்வார் என்பதைப் பொறுத்து நமக்கு எது லாபம் என்று பார்க்கும் கணிதம்) இங்கேதான் கைகொடுக்கிறது: பக்கத்து ஆள் நின்றால் நிற்பது லாபம், ஓடினால் ஓடுவதே லாபம். எத்தனை சதவீத இழப்பில் படை சிதறும் என்ற வரம்பை 10, 20, 30 என மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள்.